தேரி மணலில் ஜீப் ஓட்டப் போகிறீர்களா?

"பொம்பளை கார் ஓட்டுறதே பெருசு, இதுல தேரி மணல்ல வேறயா?" என்று என் நாத்தனார் கேட்டாள். ஏன், மணலுக்கு ஆண் பெண் தெரியுமா என்ன?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் தாண்டிப் போனால், காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் செக்கச் செவேலென்று மணல் மேடுகள். மணலில் படிந்த இரும்புத் துரு தந்த நிறம் அது. நடுநடுவே பனை, முந்திரி, உடை மரம். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்குத் தார் ரோடு உண்டு. எங்கள் பனைவிளைக்கு மணல் தடம்தான். பதனீர்க் காலத்தில் பிள்ளைகளோடு நான்தான் ஜீப்பை ஓட்டிப் போகிறேன்.

தடத்தில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். அரிசிக் குவியலில் விரலை ஊன்றினால் பொதுக்கென்று இறங்கும். உள்ளங்கையை விரித்து வைத்தால் நிற்கும். அதே கணக்குதான். ரோட்டில் 32 இருந்தால் மணலுக்கு 18 போதும். 15-க்குக் கீழே போனால் டயர் கழன்றுவிடக் கூடும். நான்கு சக்கரமும் இழுக்கும்படி போட்டு, சீரான வேகத்தில் போக வேண்டும். சடக்கென்று பிரேக் கூடாது. காலை ஈரத்தில் மணல் இறுகியிருக்கும். உச்சி வெயிலில் மாவுதான்.

தடத்தை விட்டு விலகாதீர்கள். தேரியில் காப்புக்காடும் இருக்கிறது. அனுமதியின்றி நுழைவது குற்றம். தவிர, செடிகளின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைச் சக்கரத்தால் கிளறிவிட்டால் ஆடிக் காற்றில் மணல் பக்கத்து விளையில் போய் விழும்.

வண்டி புதைந்தால்? பனையேறும் அண்ணாச்சி ஒருவர் எனக்குச் சொன்னது: "ஆக்சிலேட்டரை முறுக்காதிய தாயி, குழிதான் ஆழமாவும். முன்னால மணலை அள்ளிட்டு மட்டையப் போடுங்க." காய்ந்த பனைமட்டைக்கு அங்கே பஞ்சமா!

இதைவிட முக்கியமான ஒன்று. ஆண்கள் மணலை அள்ளும்போது, "நீ பிள்ளையோட ஏ.சி.யில இரு" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் கேட்காதீர்கள்! பின்னால் உள்ள புகைக்குழாய் மணலில் மூடியிருந்தால் நச்சுப்புகை வண்டிக்குள்ளேயே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, வாந்தி, அசதி; வெயில் மயக்கம் என்றே நினைப்போம். குழந்தை தூங்குகிறது என்று நினைத்திருப்போம், அது மயங்கியிருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிடுங்கள். மூடிய வண்டியில் குழந்தையைத் தனியே விடுவதும் கூடாது. வெயிலில் சில நிமிடத்தில் அடுப்பாகிவிடும்.

உடை மர நிழல் சல்லடை மாதிரி. அதனால் பழைய நூல் சேலை ஒன்றை எப்போதும் வண்டியில் வைத்திருக்கிறேன். கிளைகளில் கட்டினால் பந்தல்! ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். அடிக்கடி தாய்ப்பால் போதும்.

ரோடு ஏறியதும் மறுபடி காற்றடிக்க மறக்காதீர்கள். காற்றில்லாத டயரோடு வேகமாகப் போனால் சூடேறி வெடிக்கும். வண்டி பாட்டரியில் ஓடும் சின்ன பம்பு கடைகளில் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அது என் பொறுப்பு.