எண்காலித் தோட்டம்

எண்காலித் தோட்டம் என்பது பசிபிக் பெருங்கடலில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழத்தில் அமைந்துள்ள எண்காலிகளின் அடைகாக்குமிடம் ஆகும். டேவிட்சன் கடல்மலையின் அடிவாரத்தில் உள்ள இவ்விடம் 2018 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கண்டறியப்பட்டது. பேய்க்கணவாய் என்றும் ஆக்டோபசு என்றும் அழைக்கப்படும் எண்காலிகள் பெரும்பாலும் தனித்து வாழும் விலங்குகள். ஆயினும் இங்கு ஆயிரக்கணக்கான பெண் எண்காலிகள் அருகருகே கூடி முட்டைகளைக் காக்கின்றன. இதுவரை அறியப்பட்ட எண்காலிக் கூட்டங்களில் இதுவே மிகப் பெரியது. பாறை வெடிப்புகளிலிருந்து கசியும் வெதுவெதுப்பான நீரே இவற்றை இங்கு ஈர்க்கின்றது என்பதை 2023 இல் வெளியான ஆய்வு விளக்கியது.

அமைவிடம்

டேவிட்சன் கடல்மலை, மான்டரே நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள, அணைந்துபோன எரிமலை ஆகும். இது 42 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. கடற்றரையிலிருந்து 2,280 மீட்டர் உயரம் எழுந்தாலும், இதன் உச்சி கடல்மட்டத்திற்கு 1,250 மீட்டர் கீழேயே உள்ளது. அமெரிக்க நில அளவை அறிவியலாளர் ஜார்ஜ் டேவிட்சனின் நினைவாக 1938 இல் இதற்குப் பெயரிடப்பட்டது.

சூரிய ஒளி இவ்வாழத்தை எட்டுவதில்லை. சுற்றியுள்ள நீரின் வெப்பநிலை 1.6 பாகை செல்சியசு மட்டுமே. ஆனால் கடற்றரைப் பாறைகளுக்குள் ஊடுருவும் கடல்நீர், புவியோட்டின் வெப்பத்தால் சற்றே சூடேறி, சில இடங்களில் மீண்டும் வெளியே கசிகின்றது. கரும்புகை போன்ற நீரைக் கக்கும் கொதிநீர்த் துளைகளிலிருந்து இவ்வூற்றுகள் வேறுபட்டவை. இவற்றின் நீர் தெளிவானது. மிகுந்த சூடும் இல்லாதது. எண்காலிகளின் கூடுகளில் வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகையாக உள்ளது. சில வெடிப்புகளில் இது 10 பாகையைத் தாண்டுகின்றது.

இங்கு வாழும் இனம்

இங்கு கூடும் எண்காலி, மியூசாக்டோபசு ரோபசுடசு என்னும் அறிவியற் பெயர் கொண்டது. இதன் உடல் ஏறத்தாழ ஒரு பெரிய சாத்துக்குடிப் பழத்தின் அளவினது. அடைகாக்கும் பெண் எண்காலி தலைகீழாகத் திரும்பி, உறிஞ்சிகள் வெளிப்புறம் தெரியுமாறு கைகளை மடித்துத் தன் உடலையும் முட்டைகளையும் மூடிக்கொள்கின்றது. ஒளி பட்டால் இவை பாறைகளில் பதித்த வெளிறிய முத்துகளைப் போலத் தோன்றுவதால் 'முத்து எண்காலி' என்னும் பெயர் பெற்றன.

ஆழங்குறைந்த கடலில் வாழும் எண்காலிகள் எதிரிகளைக் கண்டால் மையைப் பீச்சித் தப்புகின்றன. இருள் சூழ்ந்த ஆழ்கடலில் மையினால் பயன் குறைவு. இவ்வினத்திற்கு மைப்பை இல்லை.

அடைகாத்தலும் தாயின் இறப்பும்

பெண் எண்காலி தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை முட்டையிடுகின்றது. முட்டைகளைப் பாறையில் ஒட்டிய பின் அவற்றை விட்டு அகல்வதில்லை. நீரைச் செலுத்தி முட்டைகளுக்கு ஆக்சிசன் கிடைக்கச் செய்கின்றது. நெருங்கும் உயிரினங்களைக் கைகளால் விலக்குகின்றது. இக்காலத்தில் இரை உண்பதில்லை. உடலில் சேமித்த ஆற்றல் கரைந்து, குஞ்சுகள் வெளிவரும் வேளையில் தாய் இறந்துவிடுகின்றது.

எண்காலியின் இவ்வியல்பு கண்களுக்கு அருகில் உள்ள பார்வைச் சுரப்பியால் கட்டுப்படுத்தப்படுகின்றது. ஆழங்குறைந்த கடலில் வாழும் எண்காலி இனம் ஒன்றில் இச்சுரப்பிகளை அகற்றியபோது, தாய் அடைகாப்பதை நிறுத்திவிட்டு மீண்டும் உண்ணத் தொடங்கியதை 1977 இல் ஜெரோம் வொடின்சுகி வெளியிட்ட ஆய்வு காட்டியது.

குளிர்ந்த நீரில் கரு மெதுவாகவே வளரும். மான்டரே ஆழ்பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில், கிரானெலெடோன் போரியோபசிபிக்கா என்னும் வேறோர் இனத்தின் பெண் எண்காலி ஒன்று 2007 மே மாதம் முதல் 2011 செப்டம்பர் மாதம் வரை ஒரே பாறையில் அடைகாத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அங்கு நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 3 பாகை. இந்த 53 மாதங்களே விலங்குலகில் அறியப்பட்ட மிக நீண்ட அடைகாப்புக் காலம் ஆகும்.

வெதுநீரின் பங்கு

மேற்கண்ட கணக்கின்படி, 1.6 பாகை நீரில் அடைகாப்பதற்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகளோ அதற்கும் மேலோ தேவைப்படலாம் என எதிர்பார்க்கப்பட்டது. இதனை அறிய, மான்டரே விரிகுடா மீன்காட்சியக ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள், தொலைவிலிருந்து இயக்கப்படும் நீர்மூழ்கி ஊர்தியைப் பலமுறை இங்கு அனுப்பினர். உடலிலுள்ள வடுக்களைக் கொண்டு தனித்தனித் தாய்களை அடையாளம் கண்டு, அவற்றின் முட்டைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்தனர். முட்டைகள் ஏறத்தாழ 1.8 ஆண்டுகளில், அதாவது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், பொரிந்தன.

சில பாகை வெப்ப வேறுபாடே இம்மாற்றத்திற்குக் காரணம். அடைகாப்புக் காலம் குறைவதால் முட்டைகள் இரைகௌவிகளுக்கு இரையாகும் வாய்ப்பும் குறைகின்றது. தாயின் சேமிப்புத் தீருமுன் குஞ்சுகள் வெளிவர வழி கிடைக்கின்றது. ஆனால் தாயின் முடிவை வெதுநீர் மாற்றுவதில்லை.

சூழல்மண்டலம்

ஏறத்தாழ 2.5 எக்டேர் பரப்பில் 6,000 அளவிலான எண்காலிகள் எண்ணப்பட்டுள்ளன. மொத்த எண்ணிக்கை 20,000 ஐ எட்டலாம் எனக் கணிக்கப்பட்டுள்ளது. வளர்ந்த ஆண்கள், அடைகாக்கும் பெண்கள், முட்டைகள், புதிதாகப் பொரித்த குஞ்சுகள் ஆகியவை மட்டுமே காணப்பட்டன. இடைப்பருவ எண்காலிகள் காணப்படாமையால், இவ்விடம் இனப்பெருக்கத்திற்கு மட்டுமே பயன்படுகின்றது எனக் கருதப்படுகின்றது.

ஆழ்கடலில் உணவு அரிது. மேலிருந்து மெல்ல விழும் உயிரினக் கழிவுகளே பெரும்பாலான விலங்குகளுக்கு ஆதாரம். எனவே இங்கு இறக்கும் தாய்களின் உடல்களும் பொரியாத முட்டைகளும் கடற்சாமந்தி, நத்தை, இறால் முதலியவற்றுக்கு முக்கிய உணவாகின்றன. வேறெங்கோ இரை தேடி வளர்ந்த எண்காலிகள், அவ்வாற்றலை இச்சிறு பரப்பிற்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

பிற அடைகாக்குமிடங்கள்

கோசுட்டாரிக்காவின் பசிபிக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில் உள்ள டோராடோ பாறைத்திட்டிலும் வெதுநீர் ஊற்றுகளின் அருகே எண்காலிகள் அடைகாக்கின்றன. 2013, 2014 ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்களில் முட்டைகளுக்குள் வளரும் கரு எதுவும் தென்படவில்லை. ஆக்சிசன் குறைந்த வெதுநீர் முட்டைகளுக்குத் தீங்கு செய்கின்றது என்னும் கருத்து இதனால் எழுந்தது. ஆனால் 2023 சூன் மாதத்தில் அங்கு சென்ற ஆய்வாளர்கள் குஞ்சுகள் பொரிப்பதை நேரில் கண்டனர்.

பாதுகாப்பு

டேவிட்சன் கடல்மலை 2008 இல் மான்டரே விரிகுடா தேசியக் கடல்சார் சரணாலயத்துடன் இணைக்கப்பட்டது. எண்காலித் தோட்டம் கண்டறியப்படுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே அவ்விடம் பாதுகாப்புப் பெற்றிருந்தது. இத்தகைய வெதுநீர் ஊற்றுகள் புகையோ நிறமோ இன்றிக் கசிவதால் அவற்றைத் தொலைவிலிருந்து கண்டறிவது கடினம். ஆழ்கடற் சுரங்கத் தொழிலும் கடற்றரையை வாரிச்செல்லும் இழுவலை மீன்பிடிப்பும், அறியப்படாத அடைகாக்குமிடங்களை அழிக்கக்கூடும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே இனம்பெருக்கும் உயிரினத்திற்கு, ஒரு கூட்டை இழப்பது அத்தாயின் சந்ததி முழுவதையும் இழப்பதாகும்.

இவற்றையும் பார்க்க

எண்காலி
தலைக்காலிகள்
கடல்மலை
கடலடி வெந்நீரூற்று