அழாத இருதயம்

மாரடைப்பு என்றதும் நம் மனக்கண் முன் ஒரு நாடகக் காட்சி வந்து நிற்கிறது. ஜமீன்தார் மார்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ!" என்று அலறிச் சாய்கிறார். வீடு முழுவதும் டாக்டரைத் தேடி ஓடுகிறது. இப்படி அலறிச் சாய்கிறவர் ஒரு விதத்தில் பாக்கியசாலி என்று சொன்னால் நேயர்கள் நம்புவார்களா?

உபாத்தியாயர் தொழிலில் பல வருஷங்கள் கழித்த நமக்கு ஒரு விஷயம் தெரியும். வகுப்பில் வீறிட்டு அழும் பையனை உடனே கவனித்துவிடுகிறோம். கடைசிப் பெஞ்சியில் ஜுரத்தோடு பேசாமல் கவிழ்ந்து கிடப்பவன்தான் மாலை மணி அடிக்கும் வரையில் கண்ணில் படுவதில்லை. இருதயத்தின் சமாசாரமும் இதுவே.

அமெரிக்காவில் மாரடைப்புக் கண்ட 4,34,877 பேரைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2000-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மார்வலியே இல்லை! மார்வலியோடு வந்தவர்களில் நூற்றுக்கு 9 பேர் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். வலியில்லாமல் வந்தவர்களில் 23 பேர். முதல் வகுப்பார் சராசரி 5 மணி நேரத்துக்குச் சற்று மேல் கடந்து வந்தார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய 8 மணி நேரம் கழித்து. பிழைத்தாலும் கதை முடிவதில்லை. போர்ச்சுகல் தேசத்து ஆராய்ச்சி ஒன்றில், ஒரு வருஷத்துக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், மார்வலிக்காரரில் நூற்றுக்கு 94. மூச்சுத் திணறலோ களைப்போ முக்கிய அறிகுறியாகக் கண்டவர்களில் 76.

காரணம் என்ன? வலியில்லாதவர்களில் முதியோரும், ஸ்திரீகளும், சர்க்கரை வியாதிக்காரரும் அதிகம். அவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் தாமதமும் சேர்ந்துகொள்கிறது. ரத்தம் கிட்டாமல் மடிந்த இருதயத் தசை மறுபடி முளைப்பதில்லை.

நம் நெல்லைச் சீமையில் இதற்கு ஒரு பெயர் உண்டு: "வாயு." சர்க்கரை வியாதியுள்ள பாட்டி ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். ஒரு நாள் காலை கோலம் போட்டு நிமிர்ந்தவருக்கு மூச்சு வாங்கியது. உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. "ஒண்ணுமில்லைடா, வாயு. சுக்கு வெந்நீர் குடிச்சா சரியாப் போயிடும்" என்று படுத்துவிட்டார். பிற்பகலில்தான் ஆஸ்பத்திரி. பாட்டி பிழைத்தார், ஆனால் தினந்தோறும் தாமிரபரணியில் முழுகி எழுந்தவர், இன்று படித்துறையில் மூன்று படி இறங்கினால் மூச்சிரைக்க உட்கார்ந்துவிடுகிறார்.

திடீர் மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத பெருங்களைப்பு, வாந்தி, மயக்கம், தாடையிலோ முதுகிலோ கையிலோ வலி, மேல் வயிற்றில் பாரம்: வயதானவருக்கோ சர்க்கரை வியாதிக்காரருக்கோ இவை கண்டால் கஷாயம் காய்ச்சிப் பார்க்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தூரம். அவ்வளவு தூரமும் மருந்தில்லாமல் போக வேண்டியதில்லை. 2023-ல் தமிழ்நாட்டில் ஆரம்பமான 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் முதல் வேளை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

வாயுவாகவே இருந்து திரும்பி வந்தால் நஷ்டம் ஒரு பொழுதுதான். ஆகையால், வீட்டில் அம்மாவோ பாட்டியோ "ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து உட்கார்ந்தால், அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள்.