உக்கிராண அறையில் யார் டின்னை மாற்றியது?

காரைக்காலில் ஆனி மாத மாங்கனித் திருவிழா வந்தால் அன்னதானப் பந்திகள் நடக்கும். பெரிய அண்டாக்களின் முன்னால் நிற்கிற சமையல் மாஸ்டர் அடுப்பை விட்டு நகர முடியாது. "கடுகு" என்று குரல் கொடுப்பார். உக்கிராண அறையிலிருந்து டின் வரும். திறந்து முகர்ந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. டின்மேல் ஒட்டிய சீட்டை நம்பி அள்ளிப் போடுகிறார்.

திருச்சியிலோ சென்னையிலோ ஏறி சிங்கப்பூருக்கும் பாரிஸுக்கும் போகிறவர்கள் காரைக்காலில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. அவர்களைச் சுமந்து போகும் விமானத்துக்குள்ளும் இப்படி ஓர் உக்கிராணம் இருக்கிறது. நேவிகேஷன் டேட்டாபேஸ் என்பார்கள். வானத்தில் குறிக்கப்பட்ட புள்ளிகள், ரேடியோ வழிகாட்டி நிலையங்கள், ஓடுபாதைகள், இறங்கும் பாதைகள், எந்த இடத்தில் எவ்வளவு உயரத்துக்குக் கீழே வரக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் எல்லாம் அதில் பெயர் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். விமானி பெயரைத்தான் தட்டுகிறார். அந்தப் பெயருக்கு உரிய அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணினி எடுத்துக்கொள்கிறது. தானியங்கி விமானி அந்தப் பக்கம் திரும்புகிறது.

உக்கிராணத்தில் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஓடுபாதை நீளும், பழைய ரேடியோ நிலையம் மூடப்படும், பாதையருகே புதிய கோபுரம் எழும்பும். ஆளுக்கொரு நாளில் மாற்றினால் குழப்பம் என்பதால் உலக நாடுகள் ஒரு முறை வகுத்தன: 28 நாளுக்கு ஒருமுறை, வியாழக்கிழமையன்று, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மாற்றம். ஏஐராக் சுழற்சி என்பது இதுதான். என்ன மாறப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பெரிய மாற்றமென்றால் 56 நாள் முன்னதாகச் சொல்வது நல்லது என்கிறது நடைமுறை. இந்தியாவில் இந்த அறிவிப்பை வெளியிடுவது விமான நிலைய ஆணையம். அதை ஜெப்பசன், லிடோ போன்ற தரவு நிறுவனங்கள் கணினிக்குப் புரியும் வடிவில் எழுதுகின்றன. ஒவ்வொரு விமான வகையின் கணினிக்கும் ஏற்ப அது மறுபடி பொட்டலமாகிறது. கடைசியில் விமான நிறுவனத்தின் பொறியாளர் தரையில் வைத்து ஏற்றுகிறார். பல விமானங்களில் நடப்புத் தொகுப்பும் அடுத்த தொகுப்பும் சேர்ந்தே இருக்கும்: இன்றைய அலமாரி ஒன்று, நாளைய அலமாரி ஒன்று. கிளம்புமுன் திரையில் தேதியைப் பார்த்து, எது செல்லுபடியாகும் என்று விமானி உறுதி செய்ய வேண்டும்.

இத்தனை கை மாறும்போது தவறு நுழையாதா என்று கேட்கலாம். அதற்காக ஒவ்வொரு தொகுப்புக்கும் சரிபார்ப்பு எண் ஒன்று கணக்கிட்டு வைக்கிறார்கள். வழியில் ஓர் எழுத்து கெட்டாலும் எண் பொருந்தாது. டின்னுக்கு வைத்த அரக்கு முத்திரை மாதிரி. ஆனால் முத்திரை சொல்வது ஒன்றைத்தான்: நடுவில் யாரும் திறக்கவில்லை. உள்ளே போட்டதே தவறென்றால் முத்திரை அதையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சீட்டிலுள்ள பெயரே குழப்பினால்? கடுகுக்கும் கசகசாவுக்கும் 'க' என்று மட்டும் எழுதி வைத்தால் என்ன ஆகும்? 1995 டிசம்பர் 20 அன்று மியாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானத்தில் அதுதான் நடந்தது. இறங்கும் வழியிலிருந்த ரோசோ நிலையத்துக்கு வரைபடத்தில் 'ஆர்' என்று குறி. விமானி 'ஆர்' தட்டினார். பட்டியலின் உச்சியில் வந்ததோ 200 கிலோமீட்டருக்கும் அப்பால் போகோட்டா அருகிலுள்ள ரோமியோ நிலையம். அதற்கும் 'ஆர்'தான் குறி, அலைவரிசையும் ஒன்றே. ரோசோவை அந்தக் கணினியில் முழுப் பெயரில் சேமித்திருந்தார்கள். விமானம் மலைகளை நோக்கித் திரும்பியது. புரிந்து மீள்வதற்குள் மோதியது. இருந்த 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்ட விமானிகளின் தவறு உண்மை. ஆனால் வரைபடத்தில் ஒரு பெயர், கணினியில் வேறு பெயர் என்று வைத்தவர்கள் யார்? 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நடுவர் குழு ஒன்று, பொறுப்பில் ஒரு பகுதியைத் தரவு நிறுவனத்தின் மீதும் கணினி தயாரித்த நிறுவனத்தின் மீதும் சுமத்தியது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஒரே பெயர் இரண்டு இடத்துக்கு இருக்கும் சிக்கல் இன்னும் தீரவில்லை. 2023 ஆகஸ்ட் 28 அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பாரிஸுக்கு வந்த ஒரு விமானத்தின் பாதையில் 'டிவிஎல்' இரண்டு முறை வந்தது. ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், மற்றொன்று பிரான்ஸின் டோவில். பிரிட்டனின் வான்போக்குவரத்துக் கணினி திணறி நின்றது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

என்னை அதிகம் உலுக்குவது 1979 நவம்பர் 28. ஏர் நியூசிலாந்தின் டிசி-10 அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டப் பயணிகளுடன் கிளம்பியது. பாதையின் கடைசிப் புள்ளியின் தீர்க்கரேகை கணினியில் 14 மாதமாகத் தவறாக இருந்தது. ஆனால் அந்தத் தவறான பாதை தட்டையான மக்மர்டோ நீரிணையின் மேல் பாதுகாப்பாகப் போனது. விமானிகளுக்கு விளக்கிக் காட்டியதும் அதே பாதைதான். பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பு யாரோ தவறைத் திருத்தினார்கள். புள்ளி சுமார் 50 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்து, பாதை எரேபஸ் எரிமலைக்கு நேராக வந்துவிட்டது. விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. வெண்பனியும் வெண்மேகமும் கலந்த வெளிச்சத்தில் மலை கண்ணுக்குத் தெரியவில்லை. 257 பேரும் இறந்தார்கள்.

சரியான திருத்தம்தான். உக்கிராணத்தில் இடம் மாறியிருந்த டின்னை உரிய தட்டில் வைத்தது போலத்தான். அதே இடத்தில் கையை நீட்டப் பழகிய மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் கேடு. முதல் விசாரணை அறிக்கை விமானிகளைக் குற்றம் சொன்னது. 1981-இல் நீதிபதி மஹோன் தலைமையிலான அரச ஆணையம், சொல்லாமல் செய்த அந்த மாற்றமே முதன்மைக் காரணம் என்றது.

இன்று விமானிகள் கணினியில் ஏற்றிய பாதையின் தூரத்தையும் திசையையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். செயற்கைக்கோள் உதவியால் இறங்கும் பாதையின் புள்ளிகளைக் கையால் மாற்ற அனுமதியில்லை. முன்னே மலை வந்தால் எச்சரிக்கும் கருவியும் இருக்கிறது. அதற்கும் தனித் தரவுத்தொகுப்பு உண்டு, அதையும் புதுப்பித்தாக வேண்டும். இவ்வளவும் நல்ல காவல்தான். ஆனாலும் நம் விமான நிறுவனங்களிடமும் அவற்றைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவிடமும் ஒன்றை வற்புறுத்த வேண்டும்: 'தொகுப்பு ஏற்றப்பட்டது' என்ற பொறியாளரின் கையெழுத்தோடு நிறுத்தாதீர்கள். இன்று பறக்கும் பாதையில் என்ன மாறியிருக்கிறது என்பதை அந்த விமானியிடம் சொல்லி, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள்.