குதிரையின் வயிறும் நெடும்பயணமும்



வண்ணாத்திவில்லுக்கு வடக்கே, பொம்பரிப்புக்கு அப்பால், குதிரைமலை என்னும் செந்நிற மேடு கடலை நோக்கி நிற்கிறது. உரோம ஆசிரியர் பிளினி கி. பி. முதல் நூற்றாண்டிற் குறித்த ‘இப்புரோசு’ துறை இதுவே என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். குதிரைக்குரிய கிரேக்கச் சொல் அப்பெயரிலும் உண்டு.

இம்முனைக்கு எதிர்க்கரையிலே பாண்டிநாட்டுக் காயல் துறை இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் அரபு, பாரசீகக் குதிரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் கப்பலேறிப் பாண்டிநாடு வந்தன. அவற்றின் கதி யாதாயிற்று? அரசன் ஈராயிரத்துக்கு மேல் வாங்கினும் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும், சோறும் இறைச்சியும் வேகவைத்து ஊட்டினர் என்றும் மார்க்கோ போலோ எழுதினார். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்து, 40 நாள் முளையிற் கட்டிக் கொழுக்க வைத்து, பின்னர்ப் பழக்காமலே விரட்டி ஓட்டினர் என்றார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். இவற்றில் மிகை இருக்கலாம். எனினும், இத்தகைய பராமரிப்பு குதிரையின் வயிற்றுக்கு எவ்வளவு கேடானது என்பதை இன்றைய மிருக வைத்தியம் விளக்குகிறது.

குதிரை நாள் முழுவதும் சிறுகச் சிறுக மேயும் பிராணி. அதன் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. உணவு இருப்பினும் இல்லாவிடினும் அங்கே அமிலம் ஓயாது சுரக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். பயணத்திற் புல்லின்றிப் பல மணி நேரம் நிற்கும் குதிரைக்கு அமிலம் மிகுகிறது. ஓடும்போது வயிற்றுத் தசைகள் இறுகுவதால், அவ்வமிலம் பாதுகாப்பற்ற மேற்பகுதியில் மோதிப் புண்ணாக்குகிறது. பந்தயக் குதிரைகளிற் பெரும்பாலானவற்றுக்கு இப்புண் காணப்படுகிறது.

குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கச் செய்கின்றன. திடீரெனத் தானியம் மிகுந்தால், செரியாத மாப்பொருள் அங்கே சென்று புளித்து அந்நுண்ணுயிர்களை அழிக்கும். சூலை நோயும் குளம்பினுள் அழற்சியும் இதனால் வரலாம். வழியில் நீர் குறைந்தாற் குடலில் உணவு இறுகி அடைபடும். கடும் ஓட்டத்தில் இரத்தம் தசைகளுக்கே மிகுதியாகச் செல்வதாற் குடலின் வேலையும் தளரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாது. ஆதலின் சூலை உயிருக்கே உலையாகும்.

காக்கும் வழியோ எளிது. புறப்படுமுன்னும் வழியிலும் உலர்புல்லும் நீரும் கொடுங்கள். வெறும் வயிற்றில் ஓட்டாதீர்கள். சேர்ந்த இடத்தில் ஓய்வு கொடுத்த பின்னரே வேலை வாங்குங்கள். தீனியை மாற்றுவதானால், ஏழு முதல் பத்து நாள் வரை சிறிது சிறிதாக மாற்றுங்கள். தரையிற் புரளுதல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், தீனி மறுத்தல் ஆகியன காணின், தாமதியாது மிருக வைத்தியரை அழையுங்கள்.

புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிற் காணும் கழுதையும் குதிரை இனத்ததே. அதன் குடலமைப்பும் பெரிதும் இத்தகையதே. ஆனால், கழுதை நோவை எளிதில் வெளிக்காட்டாது. தலை தாழ்த்தி வாளாவிருக்கும். அந்த அமைதியைப் பொறுமையென்று எண்ணிச் சுமையேற்றுவது அதன் உயிருக்கே இறுதியாகலாம்.