ப்ரொஜெக்டருக்கு லட்சம், மேட்டுக்கு மிச்சக் காசா? வீட்டு கோல்ஃப் சிமுலேட்டரில் பலர் செய்யும் தப்பு!

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2025 ஜனவரியில் டிஜிஎல் என்ற உள்ளரங்க கோல்ஃப் லீக் தொடங்கியது. டைகர் உட்ஸும் ரோரி மெக்கில்ராயும் சேர்ந்து உருவாக்கியது. இங்கே வீரர்கள் ஒரு பிரம்மாண்ட திரையை நோக்கித்தான் பந்தை அடிக்கிறார்கள். கேமரா, சென்சார், சாஃப்ட்வேர் என எல்லாமே ஹைடெக். ஆனால் அவர்கள் காலடியில் இருப்பது மட்டும் நிஜப் புல்!

கராஜிலோ பேஸ்மென்ட்டிலோ சிமுலேட்டர் போடுபவர்களால் புல் வளர்க்க முடியாது. அதனால்தான் 'ஹிட்டிங் மேட்', அதாவது பந்தை வைத்து அடிக்கும் செயற்கைப் புல் விரிப்பு. லாஞ்ச் மானிட்டர், திரை, ப்ரொஜெக்டர் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, கடைசியில் கையில் மிச்சம் இருக்கும் காசுக்கு ஒரு மேட் வாங்குவதுதான் பலரும் செய்வது. உடம்பில் நேரடியாக அடி வாங்க வைக்கும் பொருளே அதுதான் என்பது அப்புறம்தான் தெரிகிறது.

முழங்கை ஏன் வலிக்குது?

ஐயர்ன் வகை கிளப்பை மேலிருந்து கீழ்நோக்கித்தான் இறக்குவார்கள். முன்னணி ஆண் தொழில்முறை வீரர்களின் 7-ஐயர்ன் மணிக்கு சுமார் 145 கி.மீ. வேகத்தில், ஏறத்தாழ 4 டிகிரி சாய்வில் இறங்குகிறது. முதலில் பந்து, அப்புறம் தரை. மைதானத்தில் அந்த இடத்து மண் பெயர்ந்து புல்லோடு பறக்கும். அதைத்தான் 'டிவட்' என்கிறார்கள். மண் அப்படி வழிவிடுவதால் அதிர்ச்சியில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கான்கிரீட் மேல் விரித்த மெல்லிய மேட் வழிவிடாது. அந்த அதிர்ச்சி கிளப்பின் தண்டு வழியாக மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் திரும்பி வருகிறது. நாலு பந்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டில் க்யூ கிடையாது, மழை கிடையாது. தினமும் ராத்திரி 100 பந்து அடிக்கத் தோணும். அங்கேதான் சிக்கல். முழங்கையின் உள்பக்கத் தசைநாரில் வலி வந்தால் 'கோல்ஃபர்ஸ் எல்போ', வெளிப்பக்கம் என்றால் 'டென்னிஸ் எல்போ'. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கோல்ஃப் ஆடுபவர்களுக்கு இரண்டுமே வரும். வலி ஆரம்பித்துவிட்டால் பேண்ட் மாட்டிக்கொண்டு தொடர்வதைவிட நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்ப்பதே நல்லது.

பொய் சொல்லும் மேட்

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் சுவாரஸ்யமானது. நிஜப் புல்லில் பந்துக்குப் பின்னால் 2 அங்குலம் தள்ளித் தரையில் அடித்தால் கிளப் மண்ணில் சிக்கும், பந்து பாதி தூரம்கூடப் போகாது. கெட்டியான மேட்டில் அதே தப்பைச் செய்தால் கிளப் வழுக்கி எகிறிப் போய்ப் பந்தை ஓரளவு ஒழுங்காகவே அடித்துவிடும். திரையில் '150 கஜம்' என்று வரும். நாமும் சந்தோஷமாக ஸ்க்ரீன்ஷாட் எடுப்போம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால் மண் பறக்கும், பந்து முன்னாலேயே கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கு. பந்துக்குப் பின்னால் நாலு விரற்கடை தள்ளி ஒரு டவலை மடித்து வையுங்கள். கிளப் டவலைத் தொட்டால் அந்த ஷாட் மேட் தந்த இலவச மதிப்பெண்.

எதை வாங்கலாம்?

'மெத்தென்று இருந்தால் போதும்' என்று நினைத்து அடியில் தடிமனான ஃபோம் போடுகிறார்கள். ஃபோம் அமுங்கும், ஆனால் திரும்ப எம்பும். மண்ணைப் போல முன்னோக்கி நகராது. நிற்கும்போது கால் ஆட்டம் கொடுப்பது தனிக்கதை.

சந்தையில் இதற்கு வேறு வேறு தீர்வுகள் உண்டு. ஃபைபர்பில்ட் மேட்டில் பிரஷ் மாதிரி இழைகள் செங்குத்தாக நிற்கும், கிளப் அவற்றை வளைத்துக்கொண்டு கடந்து போகும். ட்ரூஸ்ட்ரைக்கில் அடிக்கும் பகுதிக்குக் கீழே ஜெல் இருக்கிறது, டிவட் எடுப்பது போன்ற உணர்வுக்காக. கன்ட்ரி கிளப் எலீட்டில் இழைகள் அடர்த்தி; மரத்தாலான டீயையே நேரடியாகக் குத்தி நிறுத்தலாம். ஏற்கெனவே முழங்கை வலி இருப்பவர் என்றால் முதல் இரண்டில் ஒன்றைப் பார்ப்பேன். டிரைவர் பயிற்சிதான் அதிகம் என்றால் டீ நிற்கும் வசதிதான் முக்கியம். டீ மேல் இருக்கும் பந்தை அடிக்கும்போது கிளப் தரையை அதிகம் தொடாது.

முழு மேட்டும் ஒரே துண்டாக வாங்குவதைவிட, அடிக்கும் பகுதியை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றும் வகை லாபம். முதலில் தேய்வது அந்தச் சின்ன இடம்தானே? ஆனால் நிற்கும் இடமும் பந்து இருக்கும் இடமும் ஒரே மட்டத்தில் இருக்கணும். அரை அங்குலம் மாறினாலும் மேட்டில் ஓர் ஸ்விங், மைதானத்தில் வேறு ஸ்விங் ஆகிவிடும்.

வீட்டில் வலதுகைக்காரரும் இடதுகைக்காரரும் இருந்தால் 5 அடி மேட் பத்தாது. நடுவில் பந்து, இருபுறமும் நிற்க இடம் என்று கிட்டத்தட்ட 10 அடி அகலம் வேண்டும்.

உயரத்தை மறந்துடாதீங்க

ஸ்கைட்ராக், ஜிசி3 போன்ற கருவிகள் பந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம்பிடிப்பவை. மேட் 2 அங்குலம் உயர்ந்தால் கருவியையும் அதே அளவு உயர்த்தணும். இல்லையென்றால் எண்கள் தப்பாகும். கேமரா கூரையில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மேட்டின் தடிமன் கூரை உயரத்தில் கழிந்துவிடும். ஆர்டர் போடுவதற்கு முன் அதே உயரப் பலகை மேல் நின்று டிரைவரை மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

கடையில் சோதிக்க வாய்ப்பு கிடைத்தால் உங்கள் சொந்த கிளப்பையே எடுத்துப் போங்கள். நல்ல ஷாட் எந்த மேட்டிலும் நல்லாத்தான் இருக்கும். வேண்டுமென்றே ஒரு தடவை பந்துக்குப் பின்னால் மெதுவாக அடித்துப் பாருங்கள், கையில் என்ன வருகிறது என்று தெரிந்துவிடும். அப்படியே கிளப்பின் அடிப்பகுதியையும் திருப்பிப் பாருங்கள். சில மேட்களில் உராய்வுச் சூட்டில் இழை உருகிப் பச்சைக் கறை ஒட்டும். புது ஐயர்ன் செட் வாங்கியவர்கள் வீட்டுப் பயிற்சிக்குப் பழைய கிளப்பையே வைத்துக்கொள்ளலாம்.