ஆன்டெனாவை வளர்த்தெடுத்த கணினி

2006 மார்ச் 22 அன்று பெகாசஸ் ராக்கெட் ஒன்று மூன்று சிறிய செயற்கைக்கோள்களை விண்ணில் கொண்டுபோய் விட்டது. ஒவ்வொன்றும் சுமார் 25 கிலோதான். பூமியின் காந்த மண்டலத்தை அளக்கும் நாசாவின் எஸ்டி-5 திட்டம் அது. அந்தச் செயற்கைக்கோள்களில் இருந்த ஆன்டெனா, யாரோ கையில் வைத்து முறுக்கிப்போட்ட காகித கிளிப் மாதிரி கோணல்மாணலாக இருந்தது. அந்த வடிவத்தை எந்தப் பொறியாளரும் வரையவில்லை. ஒரு கணினி நிரல் அதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தது. அப்படிப் பரிணாம முறையில் உருவாகி விண்வெளிக்குப் போன முதல் கருவி அதுதான்.

செய்தது நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஜேசன் லோன் முதலானோர் இருந்த குழு. நிரலுக்குத் தெரிந்த கட்டளைகள் மிகச் சில: கம்பியை இவ்வளவு நீளம் நீட்டு, இந்தப் பக்கம் இத்தனை பாகை திருப்பு. முதலில் கணினி கண்டபடி கட்டளைகளைக் கோத்து ஆன்டெனாக்களை உருவாக்கும். ஒவ்வொன்றும் ரேடியோ அலையை எப்படிப் பரப்பும் என்று கணக்கிட்டு மதிப்பெண் போடும். தேறியவற்றின் கட்டளைகளைக் கலந்து, ஆங்காங்கே கொஞ்சம் மாற்றி அடுத்த தலைமுறையைப் பிறப்பிக்கும். இப்படிப் பல லட்சக்கணக்கான வடிவங்கள் வந்து போயின. சமச்சீராக இருக்க வேண்டும், கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை. அதனால்தான் மனிதக் கை துணியாத கோணல் வடிவம் கிடைத்தது.

கேட்டவை வேறு. 7,209 மெகாஹெர்ட்ஸில் வாங்க வேண்டும், 8,470 மெகாஹெர்ட்ஸில் அனுப்ப வேண்டும். உயரமும் விட்டமும் 15.24 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். எடை 165 கிராமைத் தாண்டக் கூடாது. இவற்றோடு குழு சேர்த்த இன்னொன்றுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. நிஜ உலகில் கம்பியை வளைக்கும்போது மூட்டுகள் கணக்கிட்ட இடத்தில் அச்சாக அமையாது, சிறிது பிசகும். அதனால் ஒவ்வொரு வடிவத்தின் மூட்டுகளையும் வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி மறுபடி சோதித்தார்கள். அந்தப் பிசகையும் தாங்கிய வடிவங்களுக்கே மதிப்பு. பட்டறையில் என்ன நடக்கும் என்பதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தது மனித அனுபவம்.

ஏவுவதற்கு முன்பே, செயற்கைக்கோள்களுக்குத் திட்டமிட்டிருந்த சுற்றுப்பாதையே மாறியது. அலை எந்தத் திசைகளில் பரவ வேண்டும் என்ற தேவையும் மாறிவிட்டது. வழக்கமான முறையில் இது பெரிய பின்னடைவு. இங்கே தேவையை மாற்றி எழுதி நிரலை மறுபடி ஓட விட்டார்கள். நான்கு வாரத்துக்குள் புதிய மாதிரி கையில் இருந்தது. பறந்தது அந்த மறு ஓட்டத்தில் பிறந்த ஆன்டெனாதான்.

அதன் பிறகு, தேவையை மட்டும் சொல்லி வடிவத்தைக் கணினியிடம் வாங்கும் முறை தொழிற்கூடங்களுக்கும் வந்தது. 2018இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஆட்டோடெஸ்க் மென்பொருளைக் கொண்டு கார் இருக்கையின் ஒரு பிராக்கெட்டை மறுபடி வடிவமைத்தது. மென்பொருள் 150க்கும் மேற்பட்ட வடிவங்களைத் தந்தது. 8 துண்டுகளைச் சேர்த்துச் செய்த பாகம் ஒரே துண்டானது. எடை 40 சதவீதம் குறைந்தது, வலிமை 20 சதவீதம் கூடியது. நாசாவின் காடர்ட் மையத்தில் ரயன் மெக்லெலண்ட் இதே வழியில் விண்கலப் பாகங்களை உருவாக்குகிறார். எலும்பு போலத் தெரியும் அந்தப் பாகங்கள் சில, எடையில் மூன்றில் இரண்டு பங்கு வரை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் கணினியைத் தன்போக்கில் விட்டால் சில இடங்களை அளவுக்கு மீறி மெலிதாக்கிவிடும், மனிதக் கண் அவசியம் என்று சொல்வதும் அவரேதான்.

வரையும் வேலை பறிபோகுமோ என்பதுதான் வடிவமைப்புக் குழுக்களில் இன்று எழும் பயம். எனக்குத் தெரிவது வேறு. கடினமான வேலை, வரைவதிலிருந்து கேட்பதற்கு இடம் மாறியிருக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் விழும், எந்த இடத்தைத் தொடக் கூடாது, போல்ட்டை முடுக்க ஸ்பேனர் எந்த வழியாக நுழையும் என்பதெல்லாம் சொன்னால்தான் கணினிக்குத் தெரியும். ஸ்பேனருக்கு இடம் விடச் சொல்லாவிட்டால், எடை குறைவான, யாராலும் பூட்ட முடியாத பாகத்தை அது தந்துவிடும்.

இந்த விவரங்களில் பாதி, கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. ஃபிட்டருக்கும், வெல்டருக்கும், பழுதுபார்த்துப் பழகியவருக்கும்தான் தெரியும். ஆகவே மென்பொருள் வாங்கத் திட்டமிடும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேவைகளை எழுதும் முதல் கூட்டத்துக்கே அவர்களையும் கூப்பிடுங்கள்.