பூசுமுன் சுவரை அளப்போம்

2012 இல் ஆரம்பித்த இந்திய வீட்டுத் திட்டத்தில் 550 சதுர அடி புது வீட்டுக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபா. வீடு எழும்பியது, பலருக்குக் கடனும் எழும்பியது. தோட்டை அடகு வைத்தும் பூச்சு வேலை முடிக்காத சகோதரிகளை வலிகாமத்தில் சந்தித்திருக்கிறேன்.

சகோதரிகளே, மேசனாரிடம் “மொத்தம் எவ்வளவு?” என்று கேட்கமுன் நீங்களே அளவுங்கள். தையல் நாடா போதும்.

பத்துக்குப் பன்னிரண்டடி அறையின் நாலு சுவரும் சேர்ந்து 44 அடி நீளம். உயரம் 10 அடியானால் 440 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 40 கழித்தால் உட்பக்கம் 400. ஒரு பங்கு சீமெந்து, ஐந்து பங்கு மணல், அரை அங்குலத் தடிப்பு என்றால் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 50 கிலோ பை ஒன்று. ஆக, நாலு பை.

பிறகு இரண்டு மேசன்மாரிடம் சதுர அடிக் கூலியைக் கேட்டு 400 ஆல் பெருக்குங்கள். நாட்கூலியென்றால் எத்தனை நாள், எத்தனை கையாள் என்றும் கேளுங்கள். சாரம், சாப்பாடு யார் பொறுப்பு? கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். முடிந்த சுவருக்கே காசு கொடுங்கள். ஒரு கிழமை தண்ணீர் விட்டு, வெடிப்பில்லை என்று கண்டபின் கடைசிப் பங்கு.

ஆம்பிளை இல்லாத வீடென்று விலை கூட்டுவோரும் உண்டு. கணக்குத் தெரிந்தவளிடம் அது பலிக்காது.